மாமன் சீராக வந்த அறிக்கை

திருவனந்தபுரம்
27 ஜனவரி 2025

அனந்தா,

உன் கம்பெனியை விற்று முடியும்வரை அங்குள்ள வக்கீல்கள் எல்லோருடைய போனையும் மின்னஞ்சலையும் பார்க்கிறார்கள், அதில் எதுவும் பேச வேண்டாம் என்று திவ்யாவிடம் சொன்னாயாம். அதனால் ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். ஒரு வகையில் நல்லது. போனில் என்றால் நான் ஆரம்பித்ததுமே நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய்.

உன் மருமகள் திவ்யா அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்கிவிட்டாள். மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை. இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிடுவதாக முடிவு. அவளுக்கு இருபத்தாறு வயது. உடம்பில் ஒரு கட்டி இல்லை. ஸ்கேன் சுத்தம். டாக்டர் அவசரப்படுத்தவில்லை, வருடத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். "வருஷா வருஷம் ரிசல்ட்டுக்குக் காத்திருந்து என்னால சாக முடியாது டாக்டர். ஒரேயடியா முடிச்சிடுங்க" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வெளியே வந்து கார் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

இத்தனைக்கும் ஆதாரம் உன் கம்பெனி அறிக்கையின் ஒரே வரி. மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் பிஆர்சிஏ-2 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது "அநேகமாக நோய் விளைவிக்கக்கூடியது."

இருபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு நீ அந்த மரபணுச் சோதனையைப் பரிசாகக் கொடுத்தபோது அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தாள், மற்ற மாமன்கள் வளையல் போடுவார்கள், என் மாமா ஜீனோம் போட்டார் என்று. எனக்கு அன்றே பிடிக்கவில்லை. ஆனால் தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம் வீட்டில் இல்லை.

அம்மா நாற்பத்தாறு வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். மறுவருடம் திவ்யா பிறந்தாள். பார்க்காத ஆச்சியின் சாவை இவள் இப்போது தன் சாவாக எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் சந்தேகப்பட்டால், "கிளாஸ் எடுக்காதே அம்மா. மாமா கம்பெனி பொய் சொல்லுமா?" என்கிறாள்.

பொய் என்று நானும் சொல்லவில்லை. "அநேகமாக" என்ற சொல் எதிலிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். எழுது.

ஸ்ரீலட்சுமி

•

ஹைதராபாத்
31 ஜனவரி

அன்புள்ள அக்கா,

உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் விடைத்தாள் திருப்பித் தரும் நாள் மாதிரி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். நீ பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோபம் என்று எனக்குத் தெரியும்.

திவ்யா நாள் வாங்கிய விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அக்கா, நானா அவளுக்குக் கெடுதல் செய்வேன்? காது குத்தும்போது என் மடியில் இருந்துதானே என் சட்டையெல்லாம் அழுது நனைத்தாள்.

அந்த "அநேகமாக" எங்கிருந்து வந்தது என்று எங்கள் மருத்துவப் பிரிவில் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். உலகத்தின் பெரிய தரவுத்தளங்கள் எதிலும் இந்த மாற்றம் இல்லை. அவ்வளவு அரிது. அது உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியமான இடம். கணினிக் கணிப்பு எல்லாமே கெடுதல் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் சொந்தத் தரவில் மார்பகப் புற்றுநோய் வந்த இரண்டு பெண்களிடம் இதே மாற்றம் இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

இப்போது அறிக்கையை மாற்றச் சொல்லாதே. நீ கல்லூரிக்குள் மரபியல் பாடம் நடத்துகிறாய், இங்கே காற்று வேறு. இயந்திரம் அமெரிக்காக்காரனுடையது, அதற்குள் ஊற்றும் ரசாயனமும் அவனிடம்தான் வாங்க வேண்டும். மரபணு எழுத்தைப் படித்துக் கொடுக்க இன்று நாட்டில் ஐம்பது பேர் இருக்கிறார்கள், விலையைப் போட்டி போட்டுக் குறைத்துக் குறைத்து அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சின்ன கம்பெனிகளைப் பெரியவை விழுங்குகின்றன, பெரியவற்றை மருந்துக் கம்பெனிகள் நோட்டம் விடுகின்றன. சிங்கப்பூர்க்காரர்கள் எங்களை வாங்குவது எங்கள் இயந்திரங்களுக்காக இல்லை. எங்களிடம் இருக்கும் இந்தியர்களின் ஜீனோம்களுக்காகவும், அவற்றில் வேறு யாரும் காணாத மாற்றங்களுக்காகவும். கணக்குத் தணிக்கை போல ஒவ்வொரு அறிக்கையையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் தென் மண்டல விற்பனைத் தலைவன் தன் மருமகள் அறிக்கையைத் திருத்தச் சொன்னான் என்று வந்தால் என்னாகும்?

அத்தானிடம் சொல், தைரியமாக இருக்கச் சொல்.

உன் தம்பி
அனந்தபத்மநாபன்

•

திருவனந்தபுரம்
4 பிப்ரவரி

அனந்தா,

உன் அத்தான் தைரியமாகத்தான் இருக்கிறார். தினமும் மாலையில் பழவங்காடி கோயிலில் போய் நிற்கிறார், கணபதிக்கு எத்தனை தேங்காய் உடைத்தார் என்று நான் கேட்பதில்லை.

"அரிது" என்கிறாய். எங்கே அரிது? கொல்லம் போகும் பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் நின்று எண்ணுகிறவனுக்கு நாகர்கோவில் வண்டி அரிதுதான். நாகர்கோவில் போகும் வழியில் களியிக்காவிளையில் போய் நின்று எண்ணச் சொல். உன் பெரிய தரவுத்தளங்களில் நம் நாஞ்சில்நாட்டுத் தோவாளையிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் என்று தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். நானே அத்தை மகனைக் கட்டியவள். எப்போதோ ஒருவரிடம் வந்த ஓர் எழுத்துப் பிழை, ஒரு தீங்கும் செய்யாமல், நம் கூட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். நம்மைப் பார்க்காதவர்களுக்கு அது அரிதாகத் தெரியும்.

அந்த இரண்டு பெண்கள் எந்த ஊர் என்று கேட்டாயா? அவர்களும் நம் பக்கத்தவர்கள் என்றால், அவர்களுக்கு நோய் வந்ததும் இந்த மாற்றம் இருந்ததும் தனித்தனிச் செய்தியாகவும் இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் மூக்குக் குத்தியிருக்கும். அதனால் புற்றுநோய் வந்தது என்று யாரும் எழுதவில்லை.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அதுதான் என் பிரச்சினை. உன் கம்பெனிக்கு இருக்கும் நிச்சயம் எனக்கு எந்தப் பக்கமும் இல்லை. அதனால் பார்க்கப்போகிறேன். பதினாறாம் தேதி ஆறுமுகநயினார் மாமா வீட்டுக் கல்யாணம் இங்கே மண்டபத்தில். நாஞ்சில்நாடு பாதி வரும். எச்சில் எடுக்கும் குழாய்கள் நாற்பது அனுப்பு. சோதனை சத்தியதாஸ் செய்வான். என்னோடு எம்.எஸ்சி. படித்தவன், கழக்கூட்டத்தில் சின்ன ஆய்வகம் வைத்து இறால் குஞ்சுகளுக்கு வைரஸ் பார்த்துக் கொடுத்துப் பிழைக்கிறான். முழு ஜீனோம் வேண்டாம், ஒரே ஓர் எழுத்து போதும். அதற்கு இறால் ஆய்வகம் தாங்கும்.

ஒன்று கேட்கிறேன். நீ உன்னுடையதைப் பார்த்தாயா?

அக்கா

•

ஹைதராபாத்
8 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

பெட்டியில் நாற்பது குழாய்கள். கம்பெனியுடையவை இல்லை, வெளியே நானே வாங்கியது. எதிலும் எங்கள் பெயர் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், மறக்காதே.

அந்தப் பெண்களில் ஒருத்தி நாகர்கோவில், இன்னொருத்தி வள்ளியூர். நீ எழுதியதைப் படித்துவிட்டு இந்த வரியை எழுத எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வேறு யார் மூலமாவது கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. சிங்கப்பூர்க் குழுவுக்குக் காட்டிய விளக்கப்படங்களில் ஒரு பக்கம் என்னுடையது. தலைப்பு "நாஞ்சில் பேனல்." தென்கோடித் தமிழர்களிடம் மட்டும் காணப்படும் ஆபத்தான மாற்றங்கள், அதற்கென்று தனிச் சோதனை, கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் செய்துகொள்ளும்படி. முதல் வரியில் இருப்பது இந்த மாற்றம்தான். அவர்கள் தலைவி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை திரும்பக் காட்டச் சொன்னாள். கூட்டம் முடிந்து என் தோளில் தட்டினார்கள். திவ்யாவின் அறிக்கை வந்த பிறகுதான் எனக்கு அந்த யோசனையே வந்தது. நம் ஆட்களைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

நீ கடைசியில் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. இங்கே விற்பனைப் பிரிவில் யாருமே பார்த்துக்கொள்ளவில்லை என்றால் நம்புவாயா? இலவசமாகவே கிடைக்கும். எல்லோருக்கும் நேரமில்லை.

அனந்தன்

•

திருவனந்தபுரம்
18 பிப்ரவரி

அனந்தா,

பெட்டி வந்தது. கல்யாணமும் முடிந்தது. எடுத்தது பாதி வீண். நானே கெடுத்தேன்.

மண்டபத்தில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டேன். முதல் பந்திக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்று கணக்கு. ஒவ்வொருவரிடமும் எதற்கு என்று சொல்லி, சம்மதமா என்று வாயால் கேட்டு, கடைசியாக, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டேன். "காப்பிகூடக் குடிக்கல்ல மக்ளே, பந்தியே போடல்லியே" என்றார்கள். குழாயைப் பார்த்தால் செக்கச்செவேல். நுழைவாசலில் வெற்றிலைத் தட்டு. வயதானவர்கள் அத்தனை பேரும் ஒரு வாய் போட்டுவிட்டுத்தான் உள்ளேயே வந்திருக்கிறார்கள். பகவதி அத்தையிடம், "வெத்தல போட்டிருக்கீங்களே அத்தை" என்றேன். "வெத்தல சாப்பாடா? நீ சாப்பிட்டியான்னுதானே கேட்ட" என்றாள். என் மாமியாரிடம் இத்தனை வருடத்தில் ஒரு வாதத்திலும் நான் ஜெயித்ததில்லை.

ஆறுமுகநயினார் மாமி குழாயைக் கையிலேயே வாங்கவில்லை. "எழுத்துல ஒண்ணு வந்துட்டா பிறகு என் இளையவளுக்கு எவன் வருவான்? உன் மகளுக்கு வந்தது போதாதா?" என்றாள். அவள் பயம் நியாயமானது. உன் பேனலை முதலில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று அவள் சொன்னதிலிருந்து யோசித்துப்பார்.

திவ்யா அலுவலகத்திலிருந்து நேரே வந்தவள் மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். "எனக்கு வேண்டி ஊரையே துப்ப வைக்கிறியா? மதி அம்மா, போதும். ப்ளீஸ்" என்றாள். காறித் துப்பியபடியே தாணு சித்தப்பா, "நீ ஏன் மக்ளே பதறி வெப்ராளப்படுக? கல்யாண வீட்டுல சும்மா துப்புகத இதுல துப்புகோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

நேற்று சத்தியதாஸிடம் கொண்டுபோனேன். இளையவர்கள் கொடுத்தது சரியாக இருக்கிறது. சிவந்த குழாய்கள் ஒன்றிலும் எதுவும் வரவில்லை. "டீச்சரே, இறாலுக்கு வெத்தல போடுற சீலமும் பழக்கமும் இல்ல. எனிக்கு இது புதுசு" என்றான். பாக்கின் துவர்ப்பு வேதிவினையை நிறுத்திவிடுகிறதாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்கு வேண்டியவர்களோ அந்தக் கிழவர்களும் கிழவிகளும்தான். எழுபது, எண்பது வயதுவரை ஒன்றும் ஆகாமல் இருப்பவர்கள்.

நாளை முதல் விடியற்காலையில் வீடு வீடாகப் போகிறேன், அவர்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பதற்குள்.

பெட்டியின் அடியில் ஒரு குழாய் ஏற்கெனவே நிறைந்து மூடியிருந்தது. மேலே "அ" என்று மட்டும் இருந்தது. அதைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. நானும் சத்தியதாஸிடம் கொடுக்கவில்லை.

அக்கா

•

ஹைதராபாத்
21 பிப்ரவரி

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன், ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

உனக்கு ஏமாற்றம் வரக்கூடாது என்று முன்பே சொல்கிறேன். ஒரே குடும்பத்தில் பத்துப் பேரிடம் அந்த மாற்றம் இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. சொந்தக்காரர்களிடம் இருக்கத்தான் செய்யும். எண்பது வயதுக் கிழவி ஒருத்தி சுகமாக இருந்தாலும் போதாது. ஆபத்து என்றால் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லையே, தப்பித்தவள் என்பார்கள். எங்கள் ஆட்கள் இதைத்தான் சொல்வார்கள், அது சரியும்கூட.

புதன்கிழமை திவ்யா போனில் கூப்பிட்டாள். வக்கீல் எதிரே உட்கார்ந்திருந்தான். "மாமா, ஒரே ஒண்ணு. ரிப்போர்ட் சரிதானே?" என்றாள். நான் சரி என்றேன்.

அந்தக் குழாயைப் பற்றி இப்போது கேட்காதே.

அனந்தன்

•

திருவனந்தபுரம்
28 பிப்ரவரி

அனந்தா,

நீ "சரி" என்று சொன்ன அன்று மாலை அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள், மயக்க மருந்துக்கான சோதனை. சாப்பிடும்போது நிம்மதியாக இருந்தாள். எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படி.

உங்கள் கம்பெனி பெற்றோரைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். எனக்கு அந்த மாற்றம் இல்லை. உன் அத்தானுக்கு இருக்கிறது. அவருக்கு வந்தது பகவதி அத்தையிடமிருந்து. ஆக திவ்யாவின் மாற்றம் அம்மா வழியில் வந்ததே இல்லை. அம்மாவின் நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அத்தைக்கு எண்பத்தொன்று, மார்பில் ஒன்றும் இல்லை. நீ சொன்னபடி, தப்பித்தவள் என்றே வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு வந்த, நமக்குச் சொந்தமில்லாத இரண்டு குடும்பங்களிலும் மாற்றம் இருக்கிறது. அதுவும் போதாது என்றே வைத்துக்கொள்.

அத்தையின் தம்பி தாணு சித்தப்பா வீட்டுக்கு இருட்டு பிரியாமல் போய்க் கதவைத் தட்டினேன். செல்லம் மடியில். "ஏட்டி, நான் காலத்த எழும்பினா வெத்தல போடாம கக்கூசுக்குக்கூடப் போவ மாட்டேன், கேட்டியா" என்றார். செல்லத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டுதான் துப்ப வைத்தேன்.

உனக்குத் தெரியும், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு நிற முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும். அத்தைக்கும் உன் அத்தானுக்கும் அப்படித்தான். சித்தப்பாவுக்கு ஒரே முகடு. முதலில் அவருக்கு மாற்றம் இல்லை என்று நினைத்துத் தாளைப் புரட்டிவிட்டேன். பிறகு நிறத்தைப் பார்த்தேன். மாறிய எழுத்து மட்டும்தான் இருக்கிறது. சரியான எழுத்து இல்லவே இல்லை.

நம்பவில்லை. குழாய் மாறியிருக்கும் என்று மறுநாள் திரும்பப் போய்த் துப்ப வைத்தேன். படிக்கத் தொடங்கும் துண்டான ப்ரைமரை வேறாக வரவழைத்து வேறு பக்கத்திலிருந்தும் படிக்கச் சொன்னேன். அதே முகடு. அவருடைய இரண்டு பிரதியும் மாறியவை. தாத்தாவும் பாட்டியும் மாமன் மகன், அத்தை மகள். ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மரபணு ஒரு பிரதி கெட்டால் புற்றுநோய் ஆபத்து. இரண்டும் கெட்டால் குழந்தையிலேயே எலும்பு மஜ்ஜை வற்றி ரத்தம் ஊறாமல் போகும். பள்ளிக்கூடம் தாண்டுவதே கஷ்டம். சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு. சாலைக் கடைத்தெருவில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். ஐந்து பிள்ளைகள். இன்றும் ஆற்றுக்கால் கோயில் வரை நடந்து போய்வருகிறார்.

அந்த எழுத்து மரபணுவைக் கெடுக்கவில்லை. முற்றிலும் தீங்கற்றது என்று எழுத இன்னும் வேலை இருக்கிறது, அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் இதை வைத்து ஒரு பெண்மேல் கத்தி வைக்கக் கூடாது என்பதைச் சொல்வேன்.

படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. உன் கம்பெனி அறிக்கையைத் திருத்த வேண்டும். பன்னிரண்டாம் தேதிக்குள்.

அக்கா

•

ஹைதராபாத்
3 மார்ச்

அன்புள்ள அக்கா,

படங்களைக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். நீ சொல்வது சரி. இதை மறுக்க எங்களிடம் யாரும் இல்லை.

ஆனால் கேள். கையெழுத்து இருபதாம் தேதி. அதுவரை எந்த அறிக்கையும் மாறக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. நாஞ்சில் பேனலின் முதல் வரி தப்பு என்று இப்போது வெளியே வந்தால், மற்ற வரிகளும் இப்படித்தானா என்று கேட்பார்கள். விலை விழும். இங்கே முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் இல்லை.

பத்து நாள் தள்ளிப்போடச் சொல். இருபத்தோராம் தேதி காலை நானே உட்கார்ந்து திருத்த வைக்கிறேன். சத்தியமாக. அவள் காரணம் கேட்டால் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொல்லச் சொல். பத்தே நாள் அக்கா.

அனந்தன்

•

திருவனந்தபுரம்
6 மார்ச்

அனந்தா,

படங்களை அவள்முன் விரித்துவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நீ பத்து மாசமா இதத் தப்புன்னு காட்டணும்னு நினைச்சே. இப்போ காட்டுறே. ரெண்டு வாரம் முன்னால மாமாகிட்டக் கேட்டேன், சரின்னார். அவர் தெரியாமயா சொல்வார்?" என்றாள். பத்து நாளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தேதி போனால் அடுத்த தேதிக்கு மறுபடி தைரியம் வராது என்கிறாள்.

அவளிடம் என் வார்த்தைக்கு மதிப்பில்லை. உன் வார்த்தைக்குத்தான் இருக்கிறது. அதை நீதான் திரும்ப எடுக்க முடியும்.

முந்நூறு பேருக்கு வேறு கம்பெனி இருக்கிறது.

ஸ்ரீலட்சுமி

•

ஹைதராபாத்
9 மார்ச்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று காலை வந்தது. கீழே முழுப்பெயர் இருந்தது.

நேற்று மதியம் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் மருத்துவத் தலைவருக்கும், திவ்யாவின் டாக்டருக்கும், சிங்கப்பூர்த் தலைவிக்கும் ஒரே நேரத்தில். உன் படங்கள், சத்தியதாஸின் அறிக்கை, சித்தப்பாவின் வயது, எல்லாம் சேர்த்து. சித்தப்பாவின் பெயரைப் போடவில்லை. இந்த மாற்றத்தை ஆபத்தானது என்று சொல்ல இப்போது ஆதாரம் இல்லை, நாஞ்சில் பேனல் என் யோசனை, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது உன்னை நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் வீட்டுக் கடன்தான் ஞாபகம் வந்தது.

பிறகு திவ்யாவைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரர் போனிலிருந்து. "மக்ளே, அன்னைக்கு நான் சரின்னு சொன்னது சரியில்ல. பக்கத்துல ஆள் இருந்தான். பயந்துட்டேன்" என்றேன். பிறகு, "உங்களுக்கும் பயம் உண்டா மாமா?" என்றாள். வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கு வீட்டுக்கே ஆள் வந்து மடிக்கணினியை வாங்கிக்கொண்டார்கள். அழைக்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். விற்பனை நிற்காதாம். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதை வாங்கிக்கொள்வார்களாம். தென் மண்டல விற்பனைத் தலைவர் என்று என் பெயருக்குப் புது அட்டை அச்சடித்து வந்திருந்தது, ஒரு பெட்டி நிறைய. அதைத் திரும்பக் கேட்க மறந்துவிட்டார்கள்.

டாக்டர் என்ன சொன்னார்? அவள் என்ன சொல்கிறாள்? போனிலேயே சொல்லலாம், இனி யார் கேட்டால் என்ன. ஆனால் நீ எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

தம்பி

•

திருவனந்தபுரம்
14 மார்ச்

அன்புள்ள அனந்தா,

புதன்கிழமை கடந்துவிட்டது. அவள் அலுவலகம் போனாள்.

திங்கட்கிழமையே டாக்டர் கூப்பிட்டுவிட்டார். உன் மின்னஞ்சலைப் படித்திருந்தார். இந்த வரியை நம்பி அறுவை செய்யப் போவதில்லை, வேறு இடத்தில் புதிதாகப் பார்க்கட்டும், அதுவரை வருடாந்திரப் பரிசோதனை போதும் என்றார். திவ்யா அழுவாள் என்று நினைத்தேன். வாதாடினாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், என் பொறுப்பு என்றுகூடக் கேட்டாள். பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் தாணு சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம். "தாத்தா, சின்ன வயசுல உங்களுக்குப் பெரிய சுகக்கேடு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாளாம். "அம்மை வந்துச்சு. பொறவு கல்யாணம் ஆச்சு. ரெண்டையும் தாங்கிட்டேன்" என்றாராம். இப்போது அவர் பழவங்காடி முழுக்கத் தன் எச்சிலின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயரைப் போடாமல் நீ காப்பாற்றிய ரகசியம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தவள் சமையலறையில் என் பக்கத்தில் நின்றாள். "அப்போ ஆச்சிக்கு எதுனால வந்தது?" என்றாள்.

நான் தெரியாது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "இது இல்லேன்னா வேற என்ன? ஏதாவது இருக்கும் இல்லியா?" என்றாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். இருபத்தேழு வருடமாக எனக்கும் தெரியாது. அந்த அறிக்கை வந்தபோது, தவறு என்று சண்டை போட்டுக்கொண்டே, எனக்குள்ளே ஒரு மூலையில் காரணம் கிடைத்துவிட்டது என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவள் போனில் அடுத்த எம்.ஆர்.ஐ. தேதியைக் குறித்துக்கொண்டு படுக்கப் போனாள்.

உன் "அ" குழாய் கல்லூரிக் குளிர்பெட்டியில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் அத்தனை பேரிடமும் வாயால் சம்மதம் கேட்டுவிட்டு உன்னுடையதை மட்டும் கேட்காமல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவின் எழுத்து உன்னிடம் இருந்தாலும் இனி அதில் ஒன்றும் இல்லை. அதற்காக அதைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்கு வந்தது பரம்பரையில் வந்தது என்றால், அது அவளுடைய வயிற்றில் பிறந்த இரண்டு பேரிடம்தான் இருக்க முடியும். அந்த ஓர் எழுத்தைத் தவிர நான் என்னில் வேறெதையும் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லமாட்டேன். பயம்.

வேலை இல்லாமல் அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய்? வண்டி ஏறு. தம்பானூர் ஸ்டேஷனுக்கு உன் அத்தான் வந்து நிற்பார். இன்னொரு குழாய் மிச்சம் இருக்கிறது. நீ வந்த பிறகு அதில் நான் துப்புகிறேன். இரண்டையும் சேர்த்து அனுப்பலாமா, இல்லை இரண்டையும் சேர்த்துக் கொட்டிவிடலாமா என்று நீ வந்தபின் பேசலாம்.

அக்கா